பலசரக்குச் சிட்டையை வச்சே சுத்தமான சாப்பாடு: எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

திருநகர் வாசகி
3 ஜூன் 2025, காலை 10.12

கிளீன் ஈட்டிங்னு தேடினா ஓட்ஸ், கினோவா, சியா விதை, ஆலிவ் ஆயில்னுதான் வருது. நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு அது கட்டுபடியாகாது. எங்களுக்கு ரேஷன் கடை, தெருமுனைப் பலசரக்குக் கடை, வாரம் ஒரு தடவை உழவர் சந்தை, அவ்வளவுதான். இதுக்குள்ளேயே ஆரம்பிக்க முடியுமா? முதல் மாசம் எதை நிறுத்தணும், எதை எவ்வளவு வாங்கணும்? "காய் நிறையச் சாப்பிடுங்க"ன்னு பொதுவாச் சொல்லாம கிலோக் கணக்குல சொல்லுங்க.

கீழமாசி வீதி
3 ஜூன், பகல் 1.40

முடியும். புதுசா எதையும் வாங்குறதுக்கு முன்னாடி போன மாசச் சிட்டையைக் கையில் எடுங்க. ஒவ்வொரு வரியையும் நாலு வகையாப் பிரிங்க. பிரேசில்ல சாவோ பாலோ பல்கலைக்கழகத்து கார்லோஸ் மான்டெய்ரோ குழு 2009ல் கொண்டுவந்த நோவா பிரிப்புதான் இது, நம்ம சிட்டைக்கு அப்படியே பொருந்தும். அரிசி, பருப்பு, பயறு, காய், பால், முட்டை, மீன் முதல் வகை. எண்ணெய், சீனி, வெல்லம், உப்பு ரெண்டாவது. ஊறுகாய், கருவாடு மாதிரி முதல் வகையில் உப்பும் எண்ணெயும் சேர்த்துப் பக்குவம் பண்ணினது மூணாவது. நூடுல்ஸ், கிரீம் பிஸ்கட், பாக்கெட் சிப்ஸ், கூல்டிரிங்ஸ், பாலில் கலக்கிற பவுடர், சூப் பாக்கெட் நாலாவது.

முதல் மாசம் நாலாவது வகையை மட்டும் தொடுங்க. அந்த வரிகளை வட்டம் போட்டுக் கூட்டிப் பாருங்க. கூட்டுத்தொகை எவ்வளவோ அவ்வளவையும் காய்க்கும் பயறுக்கும் மாத்துங்க. அரிசியை நிறுத்தாதீங்க, எண்ணெயை மாத்தாதீங்க, சிறுதானியம் பக்கம் ஓடாதீங்க. எல்லாத்தையும் ஒரே மாசத்துல மாத்தின வீடு மூணாவது வாரத்துல பழைய சிட்டைக்கே திரும்பிடும்.

பாக்கெட் வாங்கித்தான் ஆகணும்னா பின்பக்கம் பாருங்க. அஞ்சு பொருளுக்கு மேல இருந்தா வேண்டாம்.

கீழமாசி வீதி
3 ஜூன், இரவு 9.05

மத்தியானம் சொன்ன அஞ்சு பொருள் கணக்கை எடுத்துடுங்க. அது தப்பு. வீட்டுச் சாம்பார்ப் பொடியிலேயே மல்லி, மிளகாய் வத்தல், துவரை, கடலைப்பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலைன்னு ஒன்பது ஆச்சு. உருளைக்கிழங்கு சிப்ஸ்ல கிழங்கு, பாமாயில், உப்பு, மூணே மூணுதான். எண்ணிக்கையை வச்சா சாம்பார்ப் பொடி தோத்துப்போகும், சிப்ஸ் ஜெயிச்சிடும்.

சரியான கேள்வி இது: பின்பக்கம் எழுதியிருக்கிற ஒவ்வொண்ணும் நம்ம அடுப்படியில தனி டப்பாவில் இருக்கக்கூடிய பொருளா? (வெறும் கிழங்கு சிப்ஸ் இதுலயும் தப்பிச்சுடும், அது முதல்ல சொன்ன மாதிரி நாலாவது வகையிலேயே இருக்கட்டும்.) மால்டோடெக்ஸ்ட்ரின், இன்வர்ட் சிரப், ஐஎன்எஸ் 471, ஐஎன்எஸ் 621 (ஐஎன்எஸ்ங்கிறது ஆலையில சேர்க்கிற பொருளுக்குக் கொடுத்த நம்பர்) எதுவும் யார் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலும் இருக்காது. அந்த நம்பர் எல்லாமே விஷம்னு அர்த்தம் இல்லை. 330ன்னா சிட்ரிக் அமிலம், 500ன்னா சோடா உப்பு வகை. ஆனா இப்படி நம்பர் வரிசையா வந்தா, அது சமைச்ச சாப்பாடு இல்லை, தொழிற்சாலையில் கூட்டிச் சேர்த்தது.

திருநகர் வாசகி
4 ஜூன், காலை 7.50

ராகி பிஸ்கட், மல்டிகிரெய்ன் பிஸ்கட் எல்லாம் வட்டத்துக்குள்ள வருமா? பிள்ளைகளுக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான் வாங்குறோம்.

கீழமாசி வீதி
4 ஜூன், பகல் 12.30

வரும். ஏன்னு காட்டுறேன். பொருள் பட்டியலை எடை அதிகமா இருக்கிறதுல ஆரம்பிச்சு இறங்கு வரிசையில்தான் போடணும், இது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதி. பாக்கெட்டைத் திருப்பி முதல் மூணு பெயரை மட்டும் படிங்க. "ரிஃபைண்ட் வீட் ஃப்ளவர்"னு இருந்தா அது மைதா. வெறுமனே "வீட் ஃப்ளவர்"னு இருந்தாலும் முழுக் கோதுமைன்னு எடுத்துக்காதீங்க. முழுசுன்னா "ஹோல் வீட்" அல்லது "ஆட்டா"ன்னு எழுதியிருப்பாங்க. அடுத்து சீனி, அதுக்கடுத்து பாமாயில். நாலாவது அஞ்சாவது இடத்துல ராகி வந்து பக்கத்துல ஒரு சதவீதம் இருக்கும். முன்பக்கம் கேப்பைக் கதிர் படம் எவ்வளவு பெரிசா இருந்தாலும், உள்ளே எவ்வளவுங்கிறது அந்தச் சதவீதம்தான்.

சத்து அட்டவணையில் "ஒரு பரிமாறலுக்கு"ங்கிற பத்தியை விட்டுட்டு 100 கிராம் பத்தியைப் படிங்க. ரெண்டு பிஸ்கட்டை ஒரு பரிமாறல்னு போட்டா எந்த எண்ணும் சின்னதாத்தான் தெரியும். சோடியத்தை 2.5ஆல் பெருக்கினா உப்பு. 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம்னா 2 கிராம் உப்பு.

பாலில் கலக்கிற பவுடரையும் இதே மாதிரி படிங்க. நம்ம உணவுச் சட்டத்துல ஹெல்த் டிரிங்க்னு ஒரு வகையே கிடையாது. அந்தத் தலைப்புல இதையெல்லாம் பட்டியல் போடக்கூடாதுன்னு இணைய விற்பனைத் தளங்களுக்கு 2024 ஏப்ரல்ல மத்திய அரசு சொல்லியிருக்கு.

அதுக்குப் பதில் வீட்டுச் சத்துமாவு: முளைகட்டின கேப்பை அரை கிலோ, வறுத்த பாசிப்பயறு 150 கிராம், பொட்டுக்கடலை 100, வறுத்துத் தோல் நீக்கின நிலக்கடலை 100, ஏலக்காய் அஞ்சு. கேப்பையை 12 மணி நேரம் ஊறவச்சு, வடிச்சு, பருத்தித் துணியில் கட்டி ஒரு நாள் வைங்க. வெள்ளையா ஊசிமுனை மாதிரி எட்டிப் பார்த்தாப் போதும். நிழலில் உலர்த்தி, வாணலியில் லேசா வறுத்து அரைங்க. நிலக்கடலையைக் கடைசியாத் தனியாப் பொடிச்சுக் கலக்கணும், முதல்லயே போட்டா எண்ணெய் விட்டு மாவு கட்டிபிடிக்கும். மில்லுல இருந்து வந்த சூட்டோட டப்பாவை மூடினா உள்ளே வேர்த்துப் பூஞ்சை வரும். தாள்ல பரப்பி ஆறவிடுங்க. ரெண்டு மேசைக்கரண்டி மாவை 250 மில்லி தண்ணியில் கரைச்சு ஏழெட்டு நிமிஷம் கிண்டிக் கொதிக்கவிட்டு, பால் கடைசியில்.

கீழமாசி வீதி
5 ஜூன், காலை 6.20

கிலோக் கணக்கு கேட்டிருந்தீங்க, விட்டுப்போச்சு.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டியில் 2000 கலோரி தேவைப்படுற ஒருத்தருக்கு நாளுக்கு இப்படி: காய் 400 கிராம் (அதுல கீரை 100), பழம் 100, தானியம் 250, பருப்பு-பயறு 85, பால் 300 மில்லி, கொட்டை-விதை 35, எண்ணெய் 27. நாலு பேருக்கு, முப்பது நாளுக்குப் பெருக்குங்க.

தானியம் 30 கிலோ. பருப்பும் பயறும் 10.2 கிலோ. எண்ணெய் மூணரை லிட்டர். காய் ஒரு நாளைக்கு 1.6 கிலோ, வாரத்துக்கு 11 கிலோ.

இந்த நாலு எண்ணையும் உங்க சிட்டைக்குப் பக்கத்துல எழுதுங்க. அனேகமா அரிசியும் எண்ணெயும் அதிகமா இருக்கும். பயறு பாதி இருக்கும். காய் பாதிகூட இருக்காது. கினோவாவும் சியாவும் இல்லாததால ஒரு குறையும் வந்துடலை. குறை பூரா இந்தக் காயிலயும் பயறுலயும்தான் இருக்கு.

பயறு 10 கிலோன்னதும் மலைக்காதீங்க. சாம்பாருக்குத் துவரை 3, இட்லி தோசைக்கு உளுந்து 3, தினம் ஆளுக்கு 30 கிராம் சுண்டலுக்கு 3.6, சட்னிக்குப் பொட்டுக்கடலை 600 கிராம். கணக்கு சரியாப்போச்சு. ரேஷன்ல 30 ரூபாய்க்கு வர்ற ஒரு கிலோ துவரையும் இதுல அடங்கும். முட்டையோ மீனோ சாப்பிடுற நாள்ல பயறு அந்த அளவுக்குக் குறையலாம்.

சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை, ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை எடுக்கிறவங்க வீட்டுல இருந்தா அவங்க தட்டுக்கு மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு மாத்துங்க.

மேலூர் மச்சான்
5 ஜூன், மாலை 4.15

பயறைக் கூட்டச் சொல்றீங்க, வயிறு உப்புசம் யார் பார்க்கிறது?

கீழமாசி வீதி
5 ஜூன், மாலை 5.00

அதுக்கு வழி இருக்கு. முதல் வாரம் ரெண்டு நாள் மட்டும், ஆளுக்கு 15 கிராம். அடுத்த வாரம் மூணு நாள். குடலுக்குப் பழக ஒரு மாசம் கொடுங்க. கொண்டைக்கடலை, மொச்சை எட்டிலிருந்து பத்து மணி நேரம் ஊறணும். மதுரைச் சூட்டுல ராத்திரி பூரா ஒரே தண்ணியில் கிடந்தா காலையில நுரைச்சுப் புளிச்ச வாடை வந்துடும், அதனால படுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை தண்ணியை மாத்துங்க. ஊறின தண்ணியைக் கொட்டிட்டுப் புதுத் தண்ணியில் வேகவைங்க. சீக்கிரம் வேகும்னு சோடா உப்பு போட வேண்டாம், பி1 சத்து போயிடும். தாளிக்கும்போது இஞ்சி, பூண்டு, பெருங்காயம்.

பெருங்காய டப்பாவையும் படிங்க. "காம்பவுண்டட்"னு இருந்தா கோதுமை மாவோ மைதாவோ கோந்தோ கலந்ததுதான், கடையில் கிடைக்கிறதுல பெரும்பாலும் அப்படித்தான். கோதுமை ஒத்துக்காதவங்க இதைக் கவனிக்கணும், மத்தவங்களுக்கு ஒண்ணும் இல்லை.

கீழமாசி வீதி
8 ஜூன், காலை 11.30

உழவர் சந்தைக்கு வாரம் ஒரு தடவைதான்னா 11 கிலோவை எப்படி வாங்கிறது, எப்படிக் கெடாம வைக்கிறது? (தமிழ்நாட்டுல முதல் உழவர் சந்தையே நம்ம மதுரை அண்ணா நகர்ல 1999 நவம்பர் 14 அன்னைக்குத்தான் திறந்தாங்க. பலகையில் அன்னைக்கு விலை எழுதியிருக்கும், பேரம் தேவையில்லை.)

ஒரு மாதிரிக் கணக்கு: கீரை ஏழு கட்டு, ஆஞ்சு எடுத்தா ரெண்டரை கிலோ வர்ற அளவு. சுரைக்காய் ஒன்றரை, பரங்கி 1, கத்தரி 1, வெண்டை 1, முட்டைக்கோஸ் 1, சீனியவரைக்காய் அரை, கேரட் அரை, தக்காளி 1, வெங்காயம் 1. உருளைக்கிழங்கைக் காய்க் கணக்குல சேர்க்காதீங்க, அது சோத்துப் பக்கம்.

சமைக்கிற வரிசைதான் முக்கியம். முதல் மூணு நாள் கீரை, வெண்டை, கத்தரி. அடுத்து சீனியவரை, சுரை. கடைசி ரெண்டு நாளுக்கு முட்டைக்கோஸ், கேரட், பரங்கி. இந்த வரிசையை மாத்தினா அஞ்சாம் நாள் கீரை குப்பைக்குப் போகும், அப்புறம் "காய் வாங்கி வீணாப்போகுது"ன்னு திரும்ப அரை கிலோவுக்கு வந்துடுவீங்க. ஏழு கட்டுக் கீரையையும் ஒரே நாள்ல வாங்காம, நாலை சந்தையில வாங்கிட்டு மூணை வார நடுவுல தெருவுல வர்ற கூடைக்காரம்மாகிட்ட வாங்கலாம்.

மதியம் ஒரு வெஞ்சனம் வைக்கிற வீட்டுல ரெண்டு வெஞ்சனம் வைங்க. ஒரு பொரியல், ஒரு கூட்டு. சோறு ஒரு கரண்டி தானாக் குறையும். நாளுக்கு 700 கிராம் காய் வாங்குற வீடு முதல் மாசம் ஒரு கிலோவுக்கு வந்தாலே போதும், 1.6க்கு ஒரேயடியாத் தாவ வேண்டாம்.

திருநகர் வாசகி
8 ஜூன், இரவு 8.10

கீரை மண் போகவே மாட்டேங்குது. அப்புறம் பூச்சிமருந்து பயமும் இருக்கு. உப்புத் தண்ணியில் போட்டா மருந்து போயிடுமா?

கீழமாசி வீதி
9 ஜூன், காலை 6.00

கீரைக்கு அகலமான பாத்திரம் வேணும், ஓட்டை வடிகட்டி உதவாது. வேரை வெட்டி, இலை ஆஞ்சு, பாத்திரம் நிறையத் தண்ணியில் மூழ்கப் போட்டுக் கையை விட்டு நாலு தடவை அலசிட்டு, ரெண்டு நிமிஷம் அசையாம விடுங்க. மண் அடியில் இறங்கும். இப்போ கீரையைக் கையால தூக்கி இன்னொரு பாத்திரத்துக்கு மாத்தணும். தண்ணியைச் சாய்ச்சா அடியில் தங்கின மண் பூரா திரும்பக் கீரை மேலதான் விழும். எத்தனை தடவை கழுவினாலும் நறநறன்னு கடிக்கிறதுக்கு இதுதான் காரணம். இப்படி மூணு தண்ணி. மூணாவது தண்ணியில விரலால அடியைத் தடவிப் பாருங்க, மண் படலைன்னா நறுக்கலாம். நறுக்கின பிறகு கழுவக்கூடாது.

மருந்து விஷயத்துல உண்மையைச் சொல்லணும். ஓடுற தண்ணியில தேய்ச்சுக் கழுவினா மேலே ஒட்டினதுல ஒரு பகுதி போகும். செடி உறிஞ்சி உள்ளே ஏத்திக்கிற மருந்து உப்புத் தண்ணிக்கும் போகாது, மஞ்சள் தண்ணிக்கும் போகாது. உப்புத் தண்ணி காலிஃபிளவர் புழுவை வெளியே எடுக்க நல்லது, அதுக்கு மட்டும். நம்ம கையில இருக்கிற வழி ரெண்டு: தோல் சீவுற காயைச் சீவுறது, ஒரே காயைத் தினமும் வாங்காம மாத்தி மாத்தி வாங்குறது. சுரை, பீர்க்கு, புடலை, பரங்கி வாரத்துல மூணு நாள் இருக்கட்டும்.

மாம்பழம் இப்போ கடைசிச் சீசன். கார்பைடு கல்லு வச்சுப் பழுக்கவைக்கத் தடை இருக்கு. எத்திலீன் வாயு 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு) வரைக்கும் அனுமதி உண்டு. வெளியே ஒரே சீரா மஞ்சளா இருந்து, காம்புப் பக்கம் மணமே இல்லாம, வெட்டினா கொட்டையைச் சுத்தி வெளிறிப்போய்க் கெட்டியா இருந்தா சந்தேகப்படுங்க.

கீழமாசி வீதி
14 ஜூன், மாலை 6.45

எண்ணெய். மாத்தாதீங்கன்னு முதல் நாள் சொன்னேன், ரெண்டு வாரம் ஆச்சு, இப்போ பேசலாம். ரேஷன் பாமாயில்ல நிறைகொழுப்பு (சேச்சுரேட்டட் ஃபேட்) நூத்துக்கு நாப்பதுக்கு மேல, கடலை எண்ணெய்ல இருபதை ஒட்டி, தேங்காய் எண்ணெய்ல கிட்டத்தட்ட தொண்ணூறு. பாமாயிலைத் தூக்கிப்போட வேண்டாம், ஒரு லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிற பொருள். அதை மாசம் ரெண்டு தடவை பொரிக்கிறதுக்கு வச்சுக்கிட்டு, தினச் சமையலுக்குக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மாத்தி மாத்தி. மொத்தம் மூணரை லிட்டருக்குள்ள.

மூணரை லிட்டர்ல நிக்க ஒரே வழி: முதல் தேதி அளந்து தனிக் கேன்ல ஊத்திடுங்க. தாளிக்கக் கண்ணால ஊத்தாம டீஸ்பூன்ல ஊத்துங்க, ஒரு டீஸ்பூன் 5 மில்லி. நாலு பேர் சாம்பாருக்கு 2, பொரியலுக்கு 3 போதும். பொரியல் அடிபிடிச்சா எண்ணெய் சேர்க்காம ரெண்டு கை தண்ணி தெளிச்சு மூடுங்க.

பொரிச்ச எண்ணெயை வடிகட்டி ரெண்டு நாளைக்குள்ள தாளிப்புக்குத் தீர்த்துடணும். திரும்பப் பொரிக்கக்கூடாது.

செக்கு எண்ணெய் கிடைச்சா இன்னும் நல்லது, சுத்திகரிக்காதது.

உசிலை மாவு மில்
15 ஜூன், காலை 9.30

அண்ணே, செக்கு எண்ணெய்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்க, அது பத்தாது. சுத்திகரிக்கலைன்னா நல்லதும் உள்ளே இருக்கும், கெட்டதும் உள்ளே இருக்கும். நிலக்கடலையில பூஞ்சை பிடிச்ச பருப்பு இருந்தா அஃப்ளடாக்சின்ங்கிற பூஞ்சை விஷம் எண்ணெய்க்கும் வரும், ஆலையில சுத்திகரிக்கும்போதுதான் அது போகும். செக்குல போகாது. அதனால ஆட்டுறதுக்கு முன்னாடி சொத்தை, சுருங்கினது, கறுப்பு, பச்சைப் பூஞ்சை படிஞ்ச பருப்பைப் பொறுக்கி எடுத்திருக்கணும். பருப்பு வாங்கிக் கொடுத்து ஆட்டினா நீங்களே பொறுக்கலாம்.

விலைக்கும் ஒரு சோதனை இருக்கு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ரெண்டரை கிலோ பருப்பு போகும், ஒன்றரை கிலோ புண்ணாக்கு மிஞ்சும். பருப்பு கிலோ 130னு வச்சுக்கிட்டா பருப்புக்கே 325 ரூபாய். புண்ணாக்கு வித்த காசைக் கழிச்சு, ஆட்டுக்கூலியைக் கூட்டினா அடக்க விலை வந்துடும். அதைவிடக் குறைச்சலா "சுத்தச் செக்கு எண்ணெய்"னு யாராவது வித்தா, எதை ஆட்டினாங்கன்னு கேளுங்க.

கீழமாசி வீதி
15 ஜூன், பகல் 2.00

சரியான திருத்தம். நேத்து நான் எழுதின கடைசி வரியை இதோட சேர்த்துப் படிங்க. பொறுக்க முடியாதவங்க உரிமம் நம்பர் போட்ட பாக்கெட் கடலை எண்ணெய் வாங்கினாத் தப்பே இல்லை. "பிளெண்டட்"னு பொடி எழுத்துல இருக்கான்னு மட்டும் பாருங்க, இருந்தா வேற எண்ணெய் கலந்தது. உதிரி எண்ணெய் விக்கவே சட்டத்துல இடமில்லை.

வறுத்துத் திங்கிற கடலைக்கும் இதே பேச்சுதான். கசந்தா துப்பிடுங்க, முழுங்காதீங்க.

திருநகர் வாசகி
17 ஜூன், இரவு 9.20

இந்த மாச ரேஷன் அரிசியில வெள்ளையா, வேற மாதிரி மணி கிடக்கு, ஊறவச்சா மிதக்குது. பிளாஸ்டிக் அரிசின்னு சொல்றாங்க. பொறுக்கிப் போட்டுட்டேன்.

கீழமாசி வீதி
17 ஜூன், இரவு 9.35

பொறுக்காதீங்க! அது செறிவூட்டின அரிசி மணி. அரிசி மாவுல இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவத்துல அழுத்தி எடுத்தது. 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ கலந்திருக்காங்க. அழுத்திச் செஞ்சதுனால லேசா இருக்கும், சிலது மிதக்கும், நிறம் கொஞ்சம் மாறும். வெந்தா மத்த சோறு மாதிரியே குழையும். நீங்க பொறுக்கிப் போட்டது அந்த அரிசியில இருக்கிற சத்தை மட்டும் தேடிப் பிடிச்சுப் போட்ட மாதிரி.

ரெண்டு தண்ணிக்கு மேல களையாதீங்க. வடிக்கிற வீடா இருந்தா கஞ்சியைக் கொட்டாதீங்க, உப்பும் மோரும் சேர்த்துக் குடிக்கலாம், ரசத்துக்கும் ஊத்தலாம். தலசீமியாங்கிற பரம்பரை ரத்த நோய் உள்ளவங்க மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுக்கணும்.

சாப்பிட்ட உடனே டீ குடிச்சா இரும்பு உடம்புல சரியாச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. கீரையில எலுமிச்சை பிழிஞ்சா நல்லாச் சேரும்.

மேலூர் மச்சான்
20 ஜூன், காலை 8.00

சீனியை நிறுத்தி வெல்லத்துக்கு மாறிட்டோம். எவ்வளவு வேணா போடலாம்ல?

கீழமாசி வீதி
20 ஜூன், காலை 8.40

போடக்கூடாது. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் சர்க்கரைதான். கொஞ்சம் தாது உப்பு இருக்கு, அதை நம்பி அளவைக் கூட்டினா நஷ்டம்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2000 கலோரிக்கு சேர்க்கிற இனிப்பு 50 கிராமுக்குக் கீழ, முடிஞ்சா 25க்குக் கீழன்னு சொல்லுது. டீஸ்பூன் ஒண்ணு 5 கிராம். மூணு வேளை டீக்கு ரெண்டு ரெண்டு போட்டாலே 30 ஆச்சு, பிஸ்கட்டும் பருத்திப்பாலும் இன்னும் கணக்குல வரலை.

வாரத்துக்கு அரை டீஸ்பூன் குறைச்சுட்டு வாங்க. ஒரேயடியா நிறுத்தினா நாக்கு எதிர்த்து நிக்கும், அரை அரையாக் குறைச்சா நாலாவது வாரம் பழைய டீ திகட்டும்.

வெல்லம் வாங்கும்போது கருந்தவிட்டு நிறமாப் பாருங்க. பளிச்சுன்னு மஞ்சளா இருக்கிறது பெரும்பாலும் ஹைட்ரோஸ் போட்டு வெளுத்தது.

உசிலை மாவு மில்
22 ஜூன், காலை 10.10

சிறுதானியம் பக்கம் ஓடாதீங்கன்னு அண்ணன் முதல் நாளே சொல்லிட்டாரு. மாசம் முடியப்போகுது, இப்போ ஆரம்பிக்கலாம்.

கம்பு மாவைக் கடையில பாக்கெட்டா வாங்காதீங்க. கம்புல கொழுப்பு அதிகம், அரைச்ச உடனே அந்தக் கொழுப்பு சிதைய ஆரம்பிச்சிடும். வெயில் காலத்துல ஒரு வாரத்துல பழைய எண்ணெய் வாடையும் கசப்பும் வரும். பிள்ளைங்க கம்பை வெறுக்கிறது கம்போட தப்பு இல்லை, பழைய மாவோட தப்பு. அரை கிலோவுக்கு மேல அரைக்காதீங்க, ஃபிரிஜ்ல வைங்க. கேப்பை மாவு அதைவிட நாள் தாங்கும். கோதுமையும் மாசத்துக்குச் சேர்த்து அரைக்காம ரெண்டு மூணு கிலோவா அரைக்கிறது நல்லது.

குதிரைவாலி, சாமை வாங்கும்போது பால் மாதிரி வெள்ளையா இருந்தா தவிடு போயிடுச்சு, அதுக்கும் வெள்ளை அரிசிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. லேசாப் பழுப்பா இருக்கிறதைக் கேளுங்க.

கீழமாசி வீதி
22 ஜூன், மாலை 7.00

அதோட இட்லி மாவை மாத்துற வழியும் சேர்த்துக்கங்க. வழக்கமா 4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து. முதல் தடவை 3 அரிசி, 1 சாமை. பழகினதும் 2 அரிசி, 2 சாமை அல்லது குதிரைவாலி. உளுந்து அதே 1, வெந்தயம் ஒரு டீஸ்பூன். நாலு மணி நேரம் ஊறட்டும். முழுக்கச் சிறுதானியத்துல போட்டா இட்லி தட்டையா, ஈரமா வரும், தோசைக்கு மட்டும் சரி. இப்போ இருக்கிற சூட்டுல ஆறு மணி நேரத்துல பொங்கிடும், ராத்திரி எட்டு மணிக்கு அரைச்சு காலை வரைக்கும் வெளியே வச்சா புளிச்சுடும். படுக்கப்போகும்போது அரைங்க.

கறுப்பு உளுந்துத் தோலோட போட்டா நார் கூடும், நிறம் மங்கும், ருசி நல்லாருக்கும்.

கம்பங்கூழ்: கம்பில் தண்ணி தெளிச்சு, மிக்ஸியில ரெண்டு சுத்து விட்டு, புடைச்சுத் தோலை எடுங்க. நொய்யா உடைச்சு, 1 டம்ளருக்கு 5 டம்ளர் தண்ணி, சின்னத் தீயில அரை மணி நேரம். ஆறினதும் உருண்டை பிடிச்சுத் தண்ணியில போட்டு, காலையில மோர் விட்டுக் கரைச்சுக் குடிக்கலாம். தொட்டுக்க மோர் மிளகாயும் வத்தலும் வேண்டாம், உப்பு அங்கேதான் ஏறுது. சின்ன வெங்காயம், மாங்காய்க் கீத்து போதும்.

கீழமாசி வீதி
25 ஜூன், காலை 6.30

உப்புன்னு சொன்னதும் ரெண்டு பேர் தனியாக் கேட்டாங்க, இந்துப்புக்கு மாறலாமான்னு. மாறாதீங்க. உப்பு ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள்ள, நாலு பேருக்கு மாசம் 600 கிராம், ஊறுகாய், அப்பளம், கருவாட்டுல வர்றதும் இதுக்குள்ள. அந்த 600 கிராமும் அயோடின் சேர்த்ததா இருக்கணும். இந்துப்புலயும் சாதாக் கல்லுப்புலயும் நம்பி இருக்கிற அளவு அயோடின் கிடையாது, தைராய்டுக்கு அது வேணும். கல்லுப்புத்தான் பிடிக்கும்னா அயோடின் கலந்த கல்லுப்பே பாக்கெட்ல வருது. டப்பாவை மூடி வைங்க, அடுப்புப் பக்கத்துல வேண்டாம், உப்பைச் சமையல் முடியுறப்போ போடுங்க.

ஒரு கிலோ பாக்கெட் மாசத்துக்குள்ளே தீர்ந்தா, முதல்ல ஊறுகாயையும் அப்பளத்தையும் நாள் விட்டு நாள் ஆக்குங்க. அப்பளத்துல உப்பு மட்டும் இல்லை, அப்பளக்காரமும் சோடியம்தான்.

திருநகர் வாசகி
2 ஜூலை, காலை 9.45

ஜூன் சிட்டை: நூடுல்ஸ், கிரீம் பிஸ்கட், பாலில் கலக்கிற பவுடர் மூணும் இல்லை. பயறு 5ல் இருந்து 7 கிலோ. காய் நாளுக்கு ஒரு கிலோவைத் தொட்டுச்சு. எண்ணெய் அஞ்சு லிட்டர் இருந்தது நாலரை. மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் இன்னும் பாக்கெட்தான், அதை ஜூலைல மாத்தலாமா?

கீழமாசி வீதி
2 ஜூலை, பகல் 1.15

மாத்துங்க. விரலி மஞ்சள் கால் கிலோ, மிளகாய் வத்தல் ஒரு கிலோ, மல்லி ஒன்றரை கிலோ வாங்கி ரெண்டு நாள் வெயில்ல காயவச்சு அரைங்க. மஞ்சளை முதல்ல இடிச்சு உடைச்சுக் கொடுக்கணும், முழு விரலியைப் போட்டா சின்ன மில்லு கல்லு தேயும். அதுவரைக்கும் இருக்கிற பாக்கெட் தூளைச் சோதிக்க, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணியில ஒரு டீஸ்பூன் மேலாகத் தூவிக் கலக்காம விடுங்க. நல்ல மஞ்சள் இறங்கும்போது தண்ணி வெளிர் மஞ்சளாத்தான் இருக்கும், அடர் மஞ்சளா ஓடினா சாயம். மிளகாய்த்தூள்ல சிவப்புக் கோடு கோடா இறங்கினாலும் அதேதான்.

எண்ணெய் நாலரையா? கேன்ல அளந்து ஊத்தினீங்களா, இல்லை பாட்டில்ல இருந்தேவா?

திருநகர் வாசகி
2 ஜூலை, பகல் 1.30

பாட்டில்ல இருந்தேதான்.

கீழமாசி வீதி
2 ஜூலை, பகல் 1.32

ஜூலைக்குக் கேன்ல ஊத்துங்க. நாலு லிட்டர்ல நிறுத்துங்க, மூணரை ஆகஸ்ட்ல பார்ப்போம்.